ஒளிக்க முடியாத பச்சை

2021ஆம் ஆண்டு மார்கழியில் முத்தையன்கட்டு இடதுகரை வாய்க்கால் ஓரமாகச் சைக்கிளில் போன எவரும் ஓரிடத்தில் காலை ஊன்றி நின்றுதான் போயிருப்பார்கள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வயல்கள் மஞ்சள் பாரித்து, சோகை பிடித்த பிள்ளைகளைப் போலச் சோர்ந்து கிடந்தன. நடுவே இரண்டு ஏக்கர் மட்டும் கரும்பச்சையாக, ஒருவரையும் மதிக்காத மிடுக்கோடு நின்றது. அது யோகநாதனின் வயல். நின்றவர்கள் பார்த்தார்கள், பெருமூச்சு விட்டார்கள், "மனிசன் என்னவோ செய்யுது" என்று சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போனார்கள். மனிசன் என்ன செய்தார் என்பது மனிசனுக்கும் அவருடைய மனைவி கமலாட்சிக்கும் மட்டும் தெரியும்.

யோகநாதன் கெட்டவர் அல்ல. இப்படித் தொடங்கினால் கேட்கிறவர்களுக்கு உடனே சந்தேகம் வரும். வரட்டும், உண்மை அதுதான். ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் அவர் யாருடைய வரம்பையும் வெட்டியதில்லை, யாருடைய தண்ணீர் முறையையும் களவாக மறித்ததில்லை. நல்ல காரியங்களிலும் பெரிதாக ஒன்றும் செய்ததில்லை. குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து அளவெட்டியிலிருந்து வந்த தகப்பனுக்கு நாலாவது பிள்ளை. வகுப்பில் பதினெட்டாம் பிள்ளை. ஓட்டப் போட்டியிலும் நாலாவதாகத்தான் வந்தார். பரிசு மூன்று பேருக்குத்தான். கூட்டம் என்றால் கடைசிக்கு முந்திய வரிசைக் கதிரை. பெயரைச் சொன்னால் "எந்த யோகநாதன்?" என்று கேட்பார்கள். "கமலாட்சியின்ர மனிசன்" என்றால்தான் தெரியும்.

அவருக்கென்று ஒரு குணம் இருந்தது என்றால் அது ஒளித்து வைக்கிற குணம். அதுவும் பிறவிக் குணம் அல்ல. 2008இல் போர் துரத்த ஊரை விட்டு ஓடத் தொடங்கியபோது அவரிடம் உழவு இயந்திரம் இருந்தது, ஒன்பது மாடுகள் இருந்தன, இருபது மூடை விதைநெல் இருந்தது. விசுவமடுவில் உழவு இயந்திரம் போனது. தேவிபுரத்தில் மாடுகள் போயின. கடைசியில் செட்டிகுளம் முகாமுக்குள் நுழையும்போது ஒரு அலுமினியப் பானையும் கமலாட்சியும் மட்டும் மிச்சம். திரும்பி வந்து குடியேறிய பிறகு, வீட்டுக்கு எது வந்தாலும் அதில் ஒரு பங்கு கண்ணில் படாத இடத்துக்குப் போய்விடும். அரிசிப் பெட்டிக்குள் சீனி இருக்கும். அலுமாரியில் சேலைகளுக்குப் பின்னால் மண்ணெண்ணெய்ப் போத்தல் இருக்கும். கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போன சேலையில் மண்ணெண்ணெய் மணந்து கமலாட்சி ஊர் முழுக்க வெட்கப்பட்டதும் உண்டு. "எண்டைக்காவது உதவும்" என்பார் யோகநாதன்.

அந்த வருசம் சித்திரை கழிந்த கையோடு, இனி இரசாயனப் பசளை நாட்டுக்குள் வராது, எல்லாரும் எரு, தழை போன்ற சேதனப் பசளைதான் என்று அரசாங்கம் அறிவித்தது. அப்போது யோகநாதனின் கொட்டிலில், உமி மூடைகளுக்குப் பின்னால், மூன்று பை யூரியா இருந்தது. களவெடுத்ததல்ல. போன போகத்துப் பசளை பிந்தி வந்து மிஞ்சியது. மற்றவர்கள் மிஞ்சியதை அடுத்து வந்த கோடைச் சிறுபோகத்துக்குப் போட்டு முடித்துவிட்டார்கள். யோகநாதன் காய்ச்சலில் விழுந்து, கொரோனா என்று வீட்டை மறித்து, அந்தச் சிறுபோகமே விதைக்கவில்லை. ஆக, தற்செயலாக மிஞ்சியது. ஒளித்தது மட்டும் தற்செயல் அல்ல.

மாரிமழைக் காலபோக விதைப்புக்கு முன் கமக்காரர் அமைப்பின் கூட்டம் நடந்தது. "ஆரிட்டையாவது மிச்சம் மீதி இருந்தாச் சொல்லுங்கோ. இருக்கிறதைப் பங்கிட்டுக்கொள்ளுவம்" என்று தலைவர் கேட்டார். யோகநாதன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வயல்காரி இரஞ்சிதம் எழுந்தாள். "என்னட்டை அரைப் பை கிடக்குது" என்றாள். அதை அவள் அன்று பின்னேரமே தன் வீட்டு முற்றத்தில் கொட்டி, சுண்டுப் பேணியால் அளந்து, அந்த வாய்க்காலில் இருந்த பதினொரு குடும்பத்துக்கும் கொடுத்தாள். யோகநாதனும் சொப்பிங் பையோடு போய்த் தன் பங்கை வாங்கி வந்தார். வாங்காவிட்டால் சந்தேகப்படுவார்களே என்று நினைத்தார். இந்த இடத்தை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் காது சுடும்.

மீன் பசளை அவருடைய சொந்த யோசனை. அதில் பொய்யில்லை. கொக்கிளாயில் கடற்றொழில் செய்யும் மரியநேசன், முகாமில் அவருக்குப் பக்கத்துக் கூடாரக்காரன். அவன் இரண்டு பெரிய பரல் பீப்பாய் நிறைய மீன் தலையும் குடலும் செதிலும் கொண்டு வந்து இறக்கினான். யோகநாதன் சர்க்கரை போட்டு மூடி, இருபத்தொரு நாள் புளிக்க விட்டார். திறந்தபோது நாய்கள்கூட ஒரு முறை யோசித்துவிட்டுத்தான் கிட்ட வந்தன. அந்தத் தண்ணீரை, திரும்பக் குடியேறிய பிறகு வாங்கிய மாடுகளின் காய்ந்த எருவில் தெளித்துப் பிசறி வயலுக்கு வீசினார். பத்து நாள் பார்த்தார். பயிர் அசையவில்லை. இலை வெளிறிக்கொண்டே போனது. இரண்டு ஏக்கரும் பதராகப் போகிற காட்சி கண்ணுக்குள் வந்து நின்றது. அவர் கொட்டிலுக்குள் போனார்.

அடுத்த முறை பிசறும்போது மாட்டெருவுக்குள் யூரியாவையும் கொட்டினார். வெள்ளை மணிகள் மீன் தண்ணீரின் ஈரத்தில் சற்று நேரத்தில் கரைந்து இருந்த இடம் தெரியாமல் போயின. பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க, வீசினார். பார்த்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். அந்த நாற்றத்துக்குள் ஒரு பை அல்ல, ஒரு லொறி யூரியாவையே ஒளித்திருக்கலாம்.

கமலாட்சி வாசலில் நின்று பார்த்தாள். "இஞ்சேருங்கோ, பையை ஒளிக்கலாம். இலையை எங்க கொண்டுபோய் ஒளிக்கப் போறியள்?"

"நீ சும்மா இரு" என்றார் அவர்.

இலை அவர் சொல்லைக் கேட்குமா? ஒரு கிழமையில் பச்சை ஏறியது. இரண்டாவது பையும் போன பிறகு கரும்பச்சையாயிற்று. ஊர் திரண்டு வந்தது. "எப்பிடி அண்ணை?" என்று கேட்டது. மீன் தண்ணி என்றார். ஐம்பத்தெட்டு வருசத்தில் முதல் முறையாக அவரிடம் ஒருவர் அல்ல, ஊரே வந்து யோசனை கேட்கிறது. வாய் தானாக இனித்தது. "என்ர பரல்லயே அள்ளிக்கொண்டு போங்கோ" என்று தாராளமாகக் கொடுத்தார். நாற்றத்துக்குப் பயந்து மற்றவர்கள் பின்வாங்க, இரஞ்சிதம் மட்டும் நான்கு வாளி கொண்டுபோனாள்.

அந்தப் பகுதிக்கு விவசாயப் போதனாசிரியராக யதுர்ஷிகா என்ற பிள்ளை புதிதாக வந்திருந்தாள். வவுனியாவிலிருந்து வந்த இருபத்தேழு வயதுக்காரி. பாவம், அவளுடைய நிலைமை கமக்காரரின் நிலைமையைவிட மோசம். படித்தது ஒன்று, ஊர் ஊராகப் போய்ச் சொல்லச் சொன்னது ஒன்று. போன இடமெல்லாம் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தவளுக்கு யோகநாதனின் வயல் தண்ணீர்ப் பந்தலைப் போலத் தெரிந்தது. ஸ்கூட்டியை வாய்க்கால் கட்டில் விட்டுவிட்டுச் சேற்றுக்குள் இறங்கினாள். கையில் ஒரு பிளாஸ்ரிக் அட்டை. அதில் வெளிறிய பச்சையிலிருந்து கரும்பச்சை வரை நான்கு பட்டை. வெயிலுக்கு முதுகைக் காட்டி, தன் நிழலுக்குள் இலையைப் பிடித்து அட்டையோடு ஒட்டிப் பார்த்தாள்.

"நாலாவது பட்டை ஐயா! மற்ற வயல் எல்லாம் இரண்டைத் தாண்டேல்லை."

யோகநாதனும் கூட நின்ற ஏழெட்டுப் பேரும் தலையை நீட்டிப் பார்த்தார்கள். "பச்சையெண்டா என்ன மிஸ், வெறும் நிறந்தானே?" என்று இரஞ்சிதம் கேட்டாள். அவளுக்கு எதையும் அறிந்துகொள்ள வேண்டும்.

"இல்லை அக்கா. வேர் மண்ணில இருக்கிற நைதரசனை எடுத்து மேல அனுப்பும். இலை அதை வைச்சுத்தான் புரதம் செய்யும். அந்தப் புரதம் இருந்தாத்தான் பச்சை நிக்கும், இலை வேலை செய்யும். மண் குடுக்காட்டி என்ன நடக்கும் தெரியுமோ? அடியிலை தன்ர புரதத்தைத் தானே உடைச்சுக் கரைச்சுக் குருத்துக்கு அனுப்பிப்போடும். அதாலதான் அடியிலை முதல் மஞ்சளாகி விழுது. பிறகு கதிருக்கும் அப்பிடித்தான், இலைக்குள்ள சேர்த்தது மணிக்குப் போகும்."

"தாய் பிள்ளைக்குக் குடுக்கிற மாதிரி."

"பயிருக்குத் தாயும் இல்லைப் பிள்ளையும் இல்லை அக்கா" என்று சிரித்தாள் யதுர்ஷிகா. "இருக்கிறதை இடம் மாத்துது, அவ்வளவுதான்." சொல்லிக்கொண்டே குனிந்து யோகநாதனின் பயிரை விலக்கி அடியைப் பார்த்தாள். அங்கேயும் பச்சை. ஒரு இலை மஞ்சள் இல்லை. அவள் கொஞ்ச நேரம் குனிந்தபடியே நின்றாள். நிமிர்ந்து யோகநாதனின் முகத்தைப் பார்த்தாள். அவர் தூரத்தில் போன கொக்கைப் பார்த்தார். "நல்லது ஐயா" என்று அவள் சேற்றைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள்.

மார்கழி முதல் கிழமையில் அவருடைய வயலில் வயல் விழா வைத்தார்கள். தகரக் கொட்டகை, வாழை மரம், ஒலிவாங்கி, அறுபது எழுபது பேர், பக்கத்து ஊர்க் கமக்காரர்கள்கூட. கடைசிக்கு முந்திய வரிசைக்காரர் முன்னுக்கு நின்றார். யதுர்ஷிகா முதலில் பேசினாள். பயிர் குடலை கட்டப் போகிற நேரம் இது, கதிர் தண்டுக்குள் உருவாகும் பருவம், இன்னும் பத்து நாளைக்குள் பயிருக்கு ஏதாவது சத்துக் கிடைத்தால்தான் கதிரில் மணி பிடிக்கும், அதற்குப் பிறகு எதைப் போட்டும் பிரயோசனம் இல்லை என்றாள். பிறகு ஒலிவாங்கி யோகநாதனின் கைக்கு வந்தது. பரல், மீன் குடல், சர்க்கரை, இருபத்தொரு நாள், மாட்டெரு என்று எல்லாம் ஒழுங்காகச் சொன்னார். ஒன்றைத் தவிர எல்லாம் உண்மை. கை தட்டினார்கள்.

அப்போது இரஞ்சிதம் எழுந்தாள். குறை சொல்ல எழவில்லை. அவளுடைய முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. "அண்ணை, உங்கட பரல்த் தண்ணிதான் நானும் எடுத்தது. மாட்டெருவும் உங்கட பட்டியடியிலதான் அள்ளினனான். நீங்கள் சொன்ன மாதிரித்தான் பிசறிப் போட்டனான். பிறகேன் என்ர பயிர் இப்பிடி நிக்குது?"

எழுபது தலை அவர் பக்கம் திரும்பியது. இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அது கொட்டிலுக்குள், உமி மூடைக்குப் பின்னால், பிரிக்காத மூன்றாவது பையாக இருந்தது. மாட்டெருவில் குறை சொல்ல முடியாது, அவருடைய மாட்டெரு. தண்ணீரில் குறை சொல்ல முடியாது, அவருடைய தண்ணீர். மிஞ்சியது அவள் மட்டும். அவர் ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"எல்லாம் ஒண்டுதான் இரஞ்சிதம். போடுற கையெண்டும் ஒண்டு இருக்கல்லோ?"

கூட்டம் சிரித்தது. பகிடி என்று நினைத்துத்தான் சிரித்தது. "கைராசி வேணும் அக்கா!" என்று பின்னுக்கிருந்து ஒருவன் கத்தினான். இரஞ்சிதமும் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. தன் வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இரஞ்சிதத்தின் கணவன் 2009இல் காணாமல் போனவன். இருக்கிறானா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை. அவள் பொட்டை அழிக்கவும் இல்லை. மகள் கிருசாந்தியைத் தனி ஆளாக வளர்த்து, உழவுக்கு ஆள் பிடித்து, பூச்சிமருந்து ரேங்கைத் தன் முதுகில் கட்டி அடித்து வயல் செய்தாள். அப்படிப்பட்டவளின் கையைப் பற்றி ஊரில் ஒரு சொல் விழுந்தால் அது கையோடு நிற்காது. கோழி செத்ததும் அந்தக் கையால், மனிசன் போனதும் அந்தக் கையால் என்று தேடித் தேடிக் கணக்குச் சேர்ப்பார்கள். யோகநாதனுக்கு இது தெரியாதா? அந்த ஊரில் பிறக்காவிட்டாலும் வளர்ந்தவர்தானே. தெரியும். தெரிந்துதான் சொன்னார். யூரியாவை ஒளித்ததற்குப் பயம் காரணம் என்று சொல்லலாம். இதற்கு என்ன காரணம் சொல்வது?

அன்று வீட்டுக்கு வந்ததும் கமலாட்சி சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காராமல் குசினிக்குள் போய்விட்டாள். அவள் வாயைத் திறந்து ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பத்து நாள் தவணை இருந்தது. மூன்றாவது பையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் இரஞ்சிதத்தின் பயிர் தப்பும். முதல் நாள் கொட்டிலுக்குப் போய்ப் பையைத் தொட்டுப் பார்த்தார். கொடுத்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்பாளே என்று திரும்பினார். மூன்றாம் நாள் மழை என்றார். ஐந்தாம் நாள், யாரும் இல்லாத நேரத்தில் அவளுடைய வயலில் தானே வீசிவிடலாமா என்று யோசித்து, வீசிய பிறகு அவளுடைய வயலும் பச்சையானால் எல்லாருக்கும் விளங்கிவிடுமே என்று விட்டார். எட்டாம் நாள் தடிமன், மூக்கடைப்பு என்றார். பத்தாம் நாள் ஒன்றும் சொல்லவில்லை. போகவும் இல்லை. பதினொராம் நாள் அவருக்கு உண்மையாகவே காய்ச்சல் வந்தது.

வாய்க்கால் வழியே போகிறவர்கள் அவருடைய வயலைப் பார்த்து வணக்கம் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். ஒவ்வொரு வணக்கத்துக்கும் அவர் குனிந்து களை பிடுங்கினார். பிடுங்குவதற்குக் களையே இல்லை. அந்தப் பச்சையைப் பார்க்கவே அவருக்குக் கூசியது. பயிருக்கு என்ன தெரியும், கிடைத்ததை எடுத்து இலையாக்கி ஊருக்கே காட்டிக்கொண்டு நின்றது.

தைப்பொங்கலுக்கு மறுநாள் வாய்க்கால் பிள்ளையார் கோயிலில் எல்லாக் குடும்பமும் சேர்ந்து பொங்குவது அந்த ஊர் வழக்கம். பெரிய பானையில் பால் பொங்கியதும் வீட்டுக்கு ஒரு பெண் வந்து கைப்பிடி அரிசி போடுவாள். விளைச்சல் இல்லாத வருசம் என்றாலும் பொங்கலை விடவில்லை. கமலாட்சி போட்டாள். அடுத்தது இரஞ்சிதத்தின் முறை. அரிசிச் சுளகு அவளிடம் வந்தது. அவள் கையை நீட்டவில்லை. பின்னால் நின்ற மகளை முன்னுக்குத் தள்ளினாள்.

"நீ போடு பிள்ளை. என்ர கை வேண்டாம்."

ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை. "அதுவும் நல்லதுதான்" என்று ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள். கிருசாந்தி உதட்டைக் கடித்துக்கொண்டு அரிசியைப் போட்டாள். யோகநாதன் தேங்காய் உடைக்கிற கல்லடியில் நின்றார். அவருக்கு அப்போது அந்தக் கல்லில் தன் தலையை உடைத்தால் என்ன என்று தோன்றியது. பொங்கல் பிரசாதம் வாங்காமல் வீட்டுக்குப் போனார்.

அடுத்த நாள் காலையில் முதல் வேலையாக யதுர்ஷிகாவுக்குப் போன் எடுத்தார். முன்னும் பின்னும் இல்லாமல், "பிள்ளை, நான் போட்டது யூரியா" என்றார். 

"நான் உங்கட வயலைப் பற்றி எழுதி மேல அனுப்பிட்டன் ஐயா" என்றாள் அவள். பிறகு, "அண்டைக்கு அடியிலையைப் பார்த்தவுடனேயே எனக்கு விளங்கினது. விளங்காத மாதிரி இருந்திட்டன்" என்றாள்.

பிறகு அவர் கொட்டிலிலிருந்து மூன்றாவது பையை இழுத்தெடுத்துச் சைக்கிள் கரியரில் கட்டினார். சாக்கால் மூடவில்லை. கமலாட்சி வந்து கயிற்றின் மறுமுனையைப் பிடித்து இறுக்கிக் கொடுத்தாள். ஒரு மாதத்தில் அன்றுதான் அவரோடு சேர்ந்து ஒரு வேலை செய்தாள். காலை ஒன்பது மணி வெயிலில், ஊர் முழுக்க நடமாடுகிற நேரத்தில், சைக்கிளை உருட்டிக்கொண்டு வாய்க்கால் கட்டில் நடந்தார். கண்டவர்கள் எல்லாரும் கேட்டார்கள். முழுப் பை யூரியாவை ஆறு மாதமாகக் கண்ணால் காணாத ஊர் அது.

"என்ன அண்ணை, யூரியாவோ? எங்கால?"

"என்னட்டைக் கிடந்தது. ஒளிச்சு வைச்சனான். வயலுக்கும் அதைத்தான் போட்டனான்."

ஐந்து பேருக்கு இதைச் சொன்னார். ஒருவர் நம்பாமல் சிரித்தார். ஒருவர் காறித் துப்பினார். ஒருவர், "எங்கட பிள்ளையளின்ர சாப்பாடடா அது" என்று கையை ஓங்கிக்கொண்டு வந்து, ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டு போனார். அடித்திருக்கலாம்.

இரஞ்சிதம் வயல் வரம்பில் நின்றாள். பயிர் பூத்திருந்தது. முழங்காலுக்கும் எட்டாத உயரம், ஒல்லிக் கதிர், அடி முழுக்கக் காய்ந்து சருகு. யோகநாதன் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பையை இறக்கினார். சொல்வதற்கு வழியெல்லாம் பாடமாக்கி வந்த வசனங்கள் மறந்துபோயின. "இது உமக்கு" என்றார்.

அவள் பையைப் பார்த்தாள். அதில் அச்சடித்திருந்த எழுத்தை வாசித்தாள். "இப்ப இதைக் கொண்டந்து என்ன செய்யிறது அண்ணை? பூத்துப்போச்சு. இனிப் போட்டா இலைதான் பச்சையாகும். மணி கூடாது." அந்தப் போதனாசிரியப் பிள்ளை சொன்னதை அவள் ஒன்றுவிடாமல் கேட்டு வைத்திருந்தாள். பிறகுதான் நிமிர்ந்தாள். "இது உங்களுக்கு எங்கால?"

"மூண்டு பை இருந்தது. நீர் அரைப் பை பங்கிட்ட நேரமும் இருந்தது. இரண்டை என்ர வயலுக்குப் போட்டனான். மீன் தண்ணியால ஒண்டும் நடக்கேல்லை இரஞ்சிதம். எல்லாம் யூரியா."

"அந்தப் பச்சை முழுக்கவும்?"

"முழுக்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஏச்சுக்குத் தயாராக நின்றார். மண்ணள்ளித் திட்டட்டும், வரம்பிலே கிடக்கிற மண்வெட்டியை எடுத்து எறியட்டும், எல்லாவற்றுக்கும் தயார். நிமிர்ந்து பார்த்தார். இரஞ்சிதம் தன் வலது கையை முகத்துக்கு முன்னால் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப என்ர கையில ஒண்டும் இல்லையோ அண்ணை?"

"இல்லை."

"சத்தியமா?"

"சத்தியமா இல்லை. நான் பொய் சொன்னனான்."

"கிருசாந்தீ!" என்று அவள் கத்தினாள். வீட்டுப் பக்கமிருந்து மகள் ஓடி வந்தாள், பாம்பைக் கண்டு கத்துகிறாளோ என்ற பயத்தோடு. "பிள்ளை, அம்மான்ர கையில ஒரு பிழையும் இல்லையாம்! யோகநாதன் மாமா சொல்றார். அண்ணை, இன்னொருக்காச் சொல்லுங்கோ, பிள்ளை கேக்கட்டும்."

யோகநாதன் இன்னொரு முறை சொன்னார். யூரியாவை, ஒளித்ததை, ஒலிவாங்கியில் சொன்னதை, எல்லாவற்றையும் பத்தொன்பது வயதுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். தாய்க்கு வராத கோபம் மகளுக்கு வந்தது. அவள் கண்ணைத் துடைக்காமலே பேசினாள்.

"ஒரு மாசமா அம்மா அடுப்படிக்கு வாறேல்லை மாமா. விளக்குக் கொளுத்திறேல்லை. தன்ர கையால எனக்கு ஒருபிடி சோறு போடேல்லை. எனக்கு ஏதும் வந்திடுமாம். உங்களுக்குத் தெரியுமோ?"

அவருக்குத் தெரியாது. அவர் நின்ற இடத்தில் அப்படியே வரம்பில் குந்திவிட்டார்.

"விடு பிள்ளை, அது முடிஞ்சுது" என்றாள் இரஞ்சிதம். அவளுக்கு வேறு எதையும் கேட்கிற பொறுமை இல்லை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "வா, உலை வைப்பம். இண்டைக்கு நான் சமைக்கிறன். அண்ணை, நீங்களும் இருந்து சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்."

வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொன்னால் அந்தக் கையை இன்னொரு முறை பழித்ததாகிவிடும். விறாந்தைக் கதிரையில் ஒரு மணித்தியாலம் இருந்தார். குசினிக்குள் தேங்காய் திருவும் சத்தம் கேட்டது, வெங்காயம் தாளிக்கிற மணம் வந்தது, இடையில் தாய் ஏதோ சொல்ல மகள் சிரித்ததும் கேட்டது. யோகநாதன் வாசலுக்கு வெளியே கிடந்த யூரியாப் பையைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்.

சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் சொதியும் வந்தன. இரஞ்சிதம் கரண்டியைக் கோப்பையில் போட்டுவிட்டு, வெறும் கையால் சோற்றை அள்ளி முதலில் மகளுக்கு வைத்தாள். அடுத்ததாக அவருடைய தட்டில் வைத்தாள். அவர் ஒரு வாய் வைத்தார். தண்ணீர் குடித்து இறக்கினார். அவள் முன்னால் நின்று அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், பரீட்சை எழுதியவள் முடிவுக்கு நிற்பதைப் போல.

"எப்பிடி அண்ணை?"

"நல்லாயிருக்கு."

"அப்ப இன்னும் கொஞ்சம் போடுறன்" என்று அள்ளினாள். காணும் என்று சொல்ல அவர் கையை உயர்த்தினார், பிறகு இறக்கிக்கொண்டார். அன்றைக்கு அவர் அந்தக் கையால் மூன்று தரம் சோறு வாங்கித் தின்றார்.